சிவப்பு இல்லாத வெள்ளை

பிப்ரவரி 9

அன்புள்ள சாயக்காரருக்கு,

"அங்கேயே உருகிக் கிட" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள். ஆயிரத்து நூறு டிகிரியில் தினமும் எதையாவது உருக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். கட்டிய கணவரின் சாபம் பலித்துவிட்டது, சந்தோஷம்தானே?

இனிமேல் போன் வேண்டாம். போனில் நீங்கள் கத்துகிறீர்கள், நான் அழுகிறேன், அப்புறம் இரண்டு பேரும் "வேற என்ன, வேற என்ன" என்று கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறோம். அந்த "வேற என்ன"வைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடிதத்தில் கத்த முடியாது. கத்தினாலும் எனக்குக் கேட்காது.

என் அறையைப் பற்றி உங்களுக்குச் சொன்னதே இல்லை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர், சுவரில் மேலிருந்து கீழே ஒரு குழாய். மேல்மாடியில் யாராவது குளித்தால் அந்தக் குழாய் கடகடவென்று சத்தம் போடும். யாரோ இருக்கிறார்கள் என்று எனக்கு அதில் ஒரு ஆறுதல். சிரிக்காதீர்கள்.

எதற்காக என்னை இந்த ஆய்வகத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் ஒருநாளும் பொறுமையாகக் கேட்டதில்லை. இப்போது கேளுங்கள், தப்பிக்க முடியாது. நம் வீட்டிலெல்லாம் எரிகிற வெள்ளை விளக்கில், ஒரு நீல எல்.இ.டி. பொட்டின் மேல் மஞ்சள் பொடியைப் பிசினில் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். சூட்டில் அந்தப் பிசின் நாளடைவில் பழுத்துவிடும். பொடியும் வேண்டாம், பிசினும் வேண்டாம், கண்ணாடியே ஒளிரட்டும் என்பதுதான் எங்கள் வேலை. கண்ணாடிச் சரக்கோடு டிஸ்ப்ரோசியம் என்ற அரிய உலோகத்தின் பொடியை, அருமண் என்பார்கள், கிள்ளிப் போட்டு உருக்குகிறேன். பார்க்கப் பல்பொடி மாதிரிதான் இருக்கும். உருகியதைப் பித்தளைத் தகட்டில் ஊற்றி, மெல்ல ஆறவிட்டு, தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்னால் ஒரு ஊதா விளக்கை வைத்தால், கண்ணாடி நீலமும் மஞ்சளுமாக ஒளி விடுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை.

நிறையப் போட்டால் நிறைய வெளிச்சம் வரும் என்று நினைப்பீர்கள். வராது. ஒரு அளவுக்கு மேல் போனால் அணுக்கள் ஒன்றையொன்று நெருங்கி உட்கார்ந்துவிடும். கிடைத்த சக்தியைத் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக் கைமாற்றித் தொலைத்துவிடும். வெளிச்சம் குறைந்துபோகும். தள்ளித் தள்ளி இருந்தால்தான் ஒளிரும்.

இந்தக் கண்ணாடியை வாங்கப்போவது மருத்துவமனை விளக்குச் செய்கிற ஒரு கம்பெனி. முதல் கட்டமாக, புதிதாகப் பிறந்த குழந்தைகளின் வார்டுக்கு. அக்டோபரில் பார்க்க வருகிறார்கள். தேறிவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். தேறாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

இத்துடன் வரும் பெட்டியில் இருப்பது அந்தக் கண்ணாடிதான். உள்ளங்கை அகலம் இருக்கும். மேசை விளக்காக மாட்டிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளை என்று நிறம் அளக்கிற கருவி சொல்கிறது. கருவிக்கு மனுஷ முகம் தெரியாது. நானோ ஒரு வருஷமாக இதன் கீழேயே உட்கார்ந்திருக்கிறேன், என் கண்ணுக்கு இதுவே பழகிவிட்டது. நீங்கள் இரண்டு கறுப்பு நூலில் எது அதிகக் கறுப்பு என்று சண்டை போடுகிற ஆள். இதன் கீழே கையை வையுங்கள், துணியை வையுங்கள், முக்கியமாகச் சிவப்பை வையுங்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, உள்ளதை எழுதுங்கள்.

உருகிக்கொண்டிருக்கும்,
கண்ணாடிக்காரி


மார்ச் 3

என் கண்ணாடிக்காரிக்கு,

அது கோபத்தில் வந்த வார்த்தை, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உருகாமல், உடையாமல், முழுசாக வந்து சேர்.

நெருங்கி உட்கார்ந்தால் வெளிச்சம் போய்விடும், தள்ளி இருந்தால்தான் ஒளிரும் என்று எழுதியிருக்கிறாயே. அந்தக் கணக்குப்படி நீயும் நானும் இருக்கிற தூரத்துக்கு ஊரே நம் வெளிச்சத்தில் பேப்பர் படிக்கலாம். இங்கே ஒரு மண்ணும் எரியவில்லை அம்மா.

மில்லில் எங்கள் நிறம் பார்க்கும் அறை உனக்குத் தெரியும். சுவரின் நிறம் துணியில் ஏறிவிடக் கூடாது என்று நாலு சுவரும் சாம்பல், என் கோட்டும் சாம்பல். முன்பெல்லாம் கோட்டைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் நீ ஏதாவது ஒரு கண்ணைப் பறிக்கிற நிறத்தில் நிற்பாய். "என்ன இது, வாழைத்தாருக்குப் பெயிண்ட் அடிச்ச மாதிரி" என்று நான் கேட்பேன். நீ முறைப்பாய். இப்போது வீட்டுக்கு வந்தாலும் கோட்டைக் கழற்றத் தோன்றுவதில்லை.

தங்கச்சி வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறாள். குழந்தைகள் வார்டில் நாள் முழுக்க ட்யூட்டி பார்த்துவிட்டு வருகிறவளா, வந்ததும் என்னையும் நோயாளி மாதிரியே சோதிக்கிறாள். "அண்ணி எப்ப வருவாங்கன்னு கேட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற, கேக்கலேன்னாலும் தூக்கி வெச்சுக்கற. நான் என்னதாண்ணா பண்றது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

விளக்கு பத்திரமாக வந்தது. மேசையில் உன் இடத்தில் வைத்தேன். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். இத்தனை நாளாக அடுப்படியிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை. இது அவள் கையால் ஊற்றிய கண்ணாடி, இதைத் தேய்த்தது அவள் விரல் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாளும் அப்படித்தான். தினமும் அப்படித்தான். நீ இல்லாத வீட்டில் உன்னுடைய ஒன்று எரிகிறது, அது போதும்போல் இருக்கிறது, சில நேரம் அதுவே தாங்கவில்லை.

விளக்கு பிரமாதம். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. சிவப்பு நன்றாக இருக்கிறது. கண்டிப்பாகத் தேறிவிடும், சந்தேகமே வேண்டாம். அந்தக் கம்பெனிக்காரர்களை அக்டோபர் வரை ஏன் காக்க வைக்கிறாய்? முன்னாலேயே வரச் சொல்லேன்.

சாப்பிடு. தூங்கு. வா.

உன் சாயக்காரன்


மார்ச் 28

அன்புள்ள சாயக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சந்தோஷத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஊற்றிய கண்ணாடியைச் சின்ன உலையில் ராத்திரி முழுக்க மெல்ல ஆறவிட வேண்டும். பொறுமையில்லாமல் சாயங்காலமே எடுத்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேசையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் டிக் என்று ஒரு சத்தம், இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவசரப்பட்டுக் குளிர்ந்தால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும், யாரும் தொடாமலே உடைந்துவிடும். படித்துப் படித்துச் சொல்வேன் மற்றவர்களுக்கு, எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

ஒன்று கேட்கட்டுமா? பக்கம் பக்கமாக எழுதுகிற ஆள், சிவப்புக்கு மட்டும் மூன்றே வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சிவப்பை வைத்துப் பார்த்தீர்கள்? மிளகாய்ச் சிவப்பா, செங்கல் சிவப்பா, மெரூனா? சரி, விடுங்கள். என் மனசு ஒரு சந்தேகப் பிராணி.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. யூரோப்பியம் என்று இன்னொரு அருமண் உண்டு. அதைச் சேர்த்தால் சிவப்பு ஒளி வரும். ஆனால் அதைத் தொட்டால் அளவெல்லாம் மாறும், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். நீங்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்ன தைரியத்தில் அந்தப் பாட்டிலை நான் திறக்கவே இல்லை. அலமாரியில் மேல்தட்டிலேயே இருக்கிறது. இந்தக் கண்ணாடியையே பெரிய அளவில் ஊற்ற ஆரம்பித்துவிட்டேன்.

சில நாள் காலையிலிருந்து மாலை வரை நான் வாயைத் திறப்பதே இல்லை தெரியுமா? உலையோடு என்ன பேசுவது? நேற்றுக் கடையில் ரொட்டி கேட்டேன், குரல் உடைந்து கரகரவென்று வந்தது. கடைக்காரர் எனக்கு ஜலதோஷம் என்று நினைத்து, சுடச்சுட ஏதாவது குடிக்கச் சொன்னார். யாரோ ஒருவர் அப்படிச் சொன்னதே போதும் என்று தெரு முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தேன்.

எந்தச் சிவப்பு என்று எழுதுங்கள்.

கண்ணாடிக்காரி


மே 6

கண்ணாடிக்காரிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஒரு செய்தி இருக்கிறது, படித்துவிட்டுப் பதறாதே. உயிர் போகிற விஷயம் ஒன்றுமில்லை.

சட்டைக்கான மெரூன் துணி, பெரிய ஆர்டர். உடம்புக்கு ஒரு சாயத் தொட்டியிலிருந்தும் கைக்கு இன்னொரு தொட்டியிலிருந்தும் வந்தது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் லாரி கிளம்பும். அன்று காலையில் பார்த்து அறையில் வெயில் மாதிரியே வெளிச்சம் தருகிற பகல் விளக்கு பியூஸ் போய்விட்டது. வெளியே தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்றால் கொட்டோ கொட்டென்று மழை, பட்டப்பகலிலேயே இருட்டு. லாரி டிரைவர் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறான். மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கடிகாரத்தைக் காட்டுகிறார். மாற்று விளக்கில் பார்த்தேன், இரண்டு மெரூனும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தன. கையெழுத்துப் போட்டேன்.

போன இடத்தில் வெயிலில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். சட்டையின் உடம்பு மெரூன், கை இரண்டும் பழுப்பு. யாரோ ஒருவரின் கையை வெட்டி இன்னொருவருக்கு ஒட்டின மாதிரி இருந்ததாம்.

மொத்த லாட்டும் திரும்பி வந்தது. மேனேஜர் ஆளைக் கூட்டி வைத்துக்கொண்டு வெளுத்து வாங்கிவிட்டார். "உன் கண்ண நம்பித்தானேய்யா இத்தன பேரு இங்க உக்காந்திருக்கோம்" என்றார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இப்போது என்னைப் பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். அட்டைக்கு என்ன நிறம், எல்லாம் ஒரே காக்கி. சாம்பல் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வேறொன்றும் இல்லை. நீ உன் வேலையைப் பார்.

நான்தான்


மே 25

மாற்று விளக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மாற்று விளக்கு?

பகல் விளக்கு ஒன்றுதான் இருக்கிறது, மாற்று வாங்கித் தரச் சொல்லி மேனேஜரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது என்று எத்தனை வருஷமாகப் புலம்பியிருக்கிறீர்கள்? திடீரென்று மாற்று விளக்கு எங்கிருந்து முளைத்தது?

என் விளக்குத்தானே?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். விளக்கடியில் வைத்தேன். பிறகு வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன். மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. வாட்ச்மேன் எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பார். வெளியே சிவப்பு, உள்ளே செத்த பழுப்பு. இந்த வெள்ளைக்குள் சிவப்பே இல்லை. நீலமும் மஞ்சளும் சேர்ந்து வெள்ளை வேஷம் போட்டுக்கொண்டு நிற்கின்றன. சிவப்புத் துணிக்குத் திருப்பிக் கொடுக்க இந்த வெளிச்சத்தில் ஒன்றுமே இல்லை. இது உங்களுக்கு ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாமல் போகாது. அப்படியானால் நீங்கள் பார்க்கவே இல்லை. பார்க்காமலே எனக்கு எழுதினீர்கள்.

உன்னை நம்பித்தானே அந்தப் பாட்டிலைத் திறக்காமல் வைத்திருந்தேன்? "நீ" என்று வந்துவிட்டது, வரட்டும், அடித்துத் திருத்தப்போவதில்லை. உன் கண் ஒன்றைத்தான் கேட்டேன். சமைக்கச் சொல்லவில்லை, கூட வந்து இருக்கச் சொல்லவில்லை. ஒரு சிவப்புத் துணியை எடுத்து விளக்கடியில் வைக்க உனக்கு நேரமில்லையா?

இத்தனை நாள் ஊற்றியது எல்லாவற்றையும் உடைத்துத் தொட்டியில் போட்டுவிட்டேன். கையில் கீறிக்கொண்டேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், அழுததால் இல்லை.


ஜூன் 14

ஆமாம். உன் விளக்குத்தான். பையில் வைத்து மில்லுக்கு எடுத்துக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. மதியம் சாப்பிடும்போது ஏற்றி வைத்துக்கொள்வேன். கேலி செய்தவர்கள் செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று பகல் விளக்கு போனதும் பையிலிருந்து இதை எடுத்தேன். வெளிச்சம் சரியா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. சிவப்பு நன்றாக இருக்கிறது என்று உனக்கு எழுதிக் கொடுத்தவன் நான். நானே என் கடிதத்தை நம்பாமல் இருந்தால் எப்படி? நம்பினேன். நல்ல மரியாதை கிடைத்தது.

நீ சொன்னதுதான் உண்மை. பார்க்கவில்லை. உன் விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அதில் சிவப்பாவது பச்சையாவது.

ஆனால் நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் படி. "தேறிவிட்டால் வீட்டுக்கு வருவேன், தேறாவிட்டால் இரண்டு வருஷம்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் "உள்ளதை எழுதுங்கள்" என்கிறாய். எந்தப் புருஷன் உள்ளதை எழுதுவான்? யாரிடம் போய்ச் சாட்சி கேட்டிருக்கிறாய்? எனக்குக் கண் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டாயா?

கையில் மருந்து போட்டாயா?


ஆகஸ்ட் 18

அன்புள்ள சாயக்காரருக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

நீங்கள் கேட்டது நியாயம். பதிலையும் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்ட மாதிரிதான் நான் செய்தேன். படித்த அன்று கோபம் வந்தது. மறுநாள் சிரிப்பு வந்தது. "எந்தப் புருஷன் உள்ளதை எழுதுவான்" என்ற வரியைப் படித்துத் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து சிரிப்பது அவ்வளவு நன்றாக இல்லை.

பாட்டிலைத் திறந்துவிட்டேன். யூரோப்பியம் சேர்த்த கண்ணாடி பெட்டியில் இருக்கிறது. சிவப்பு வந்திருக்கிறது, கருவியிலும் தெரிகிறது. என் ஸ்வெட்டரும் கொஞ்சம் உயிர் பெற்றிருக்கிறது. இன்னும் சேர்த்தால் வெள்ளை ரோஜா நிறத்துக்குச் சாய்ந்துவிடுகிறது, கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சாயாமல் சேர்க்க வேண்டுமானால் பொடியைத் தாங்குகிற அடிக்கண்ணாடியையே மாற்ற வேண்டும். அது லேசில் முடிகிற வேலை இல்லை.

அவர்கள் கேட்கிற எண் எல்லாம் இப்போதே வந்துவிட்டது. அவர்களுடைய முறை எப்படியென்றால், எட்டு வெளிறிய நிறங்களை விளக்கடியில் கணக்குப் போட்டுச் சராசரி எடுப்பார்கள். அந்த எட்டில் அடர் சிவப்பு கிடையாது. சராசரி நன்றாக இருந்தால் விளக்கு நல்ல விளக்கு. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, உலகம் முழுக்க அந்தப் பழக்கம்தான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்கும் வீட்டுக்கு வர வேண்டும் அல்லவா? தினமும் காலையில் எழுந்ததும் அதுதான் முதலில் தோன்றுகிறது, கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே. அதனால் மறுபடி உங்களிடமே வருகிறேன். தப்பான ஆளிடம் கேட்கிறேன் என்று தெரியும். கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

பாருங்கள். நீங்கள் எழுதுவதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக்காரி


செப்டம்பர் 20

என் கண்ணாடிக்காரிக்கு,

இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் இதை எழுத மாட்டேன்.

சரியில்லை.

இந்த முறை பார்த்தேன். இன்று காலையில் ஆரம்பித்தேன். வீட்டில் இருக்கிற சிவப்பையெல்லாம் எடுத்து வைத்தேன், உன் அலமாரியையும் திறந்தேன். நீ போனதிலிருந்து திறக்காமல் வைத்திருந்தேன், அதைப் பற்றி இப்போது வேண்டாம். ஒவ்வொன்றையும் விளக்கில் ஒருமுறை, ஜன்னலோரத்தில் ஒருமுறை பார்த்தேன். மிளகாய்ச் சிவப்பு நன்றாக வருகிறது. செங்கல் சிவப்புக்குக் குறை சொல்ல முடியாது. மெரூன் முக்கால்வாசி வந்துவிட்டது. துணி விற்கிற கடைக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன்.

உனக்குப் "பிரமாதம், வா" என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் பாதி எழுதியும்விட்டேன்.

அப்போது தங்கச்சி ட்யூட்டி முடிந்து வந்தாள். "இதுதான் அண்ணி அனுப்பின புதுசா? எங்க வார்டுக்கு வரப்போறதா?" என்று கேட்டாள். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து விளக்கடியில் வைத்து நகத்தை அழுத்தினாள். குழந்தைகளுக்கு அப்படித்தான் பார்ப்பார்களாம். அழுத்தினால் ரத்தம் விலகி வெளுத்துவிடும். விட்டால் சிவப்பு திரும்பி வர வேண்டும், எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதை வைத்து உடம்பில் ரத்தம் ஓடுவதைச் சொல்லிவிடுவாள்.

விட்டாள். "வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

"எப்ப வந்துச்சு?"

என்னால் சொல்ல முடியவில்லை. வெளுப்பு எங்கே முடிந்தது, சிவப்பு எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் இதையே தொழிலாகச் செய்தவனுக்குத் தெரியவில்லை. மறுபடி அழுத்தினாள், மறுபடி தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அங்கே பளிச்சென்று தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, "அண்ணிகிட்ட நீ என்ன வேணா எழுதிக்கோண்ணா, நான் கேக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நீ இல்லாமல் நான் அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிட்டது அவளுக்குத் தெரியும்.

துணியின் சிவப்பு வேறு, தோலுக்கு அடியில் ஓடுகிற சிவப்பு வேறு. இரண்டாவது உன் கண்ணாடியில் இன்னும் வரவில்லை. அடிக்கண்ணாடியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்று. அங்கேயே இரு.

பூசி மெழுகாமல் எழுதிவிட்டேன். இதற்கு மேல் என்ன எழுதினாலும் "வந்துவிடு" என்றுதான் வரும். அதனால் நிறுத்துகிறேன். எழுந்துபோய் இப்போதே தபாலில் போட்டுவிடுகிறேன், நாளை வரை கையில் வைத்திருந்தால் கிழித்துவிடுவேன்.

உன் சாயக்காரன்


செப்டம்பர் 28

பாவி மனுஷா,

கம்பெனிக்காரர்கள் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை. எண்ணையெல்லாம் பார்த்தார்கள், சராசரியைப் பார்த்தார்கள், கைகொடுத்தார்கள். தேறிவிட்டது.

உங்களுக்கு எழுதவில்லை. சொல்லாமல் வந்து வாசலில் நிற்க வேண்டும் என்று ஆசை. நீங்கள் கதவைத் திறந்து என்ன முழி முழிப்பீர்கள் என்று நினைத்து நினைத்து இந்த மூன்று நாளும் தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். போர்வை, பாத்திரமெல்லாம் பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். நேற்றுச் சனிக்கிழமை காலையில் விமானம். வெள்ளிக்கிழமை மாலை பெட்டியைப் பூட்டிப் படியில் இறக்கும்போது தபால்காரர் எதிரே வந்து உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தார்.

விமானத்தில் படிக்கலாம் என்று பையில் போட்டேன். எனக்கு எங்கே பொறுமை? படியிலேயே பெட்டியின் மேல் உட்கார்ந்து பிரித்தேன்.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். விளக்கைப் போட்டு என் நகத்தை அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன், விட்டேன். எத்தனை முறை என்று தெரியாது. வந்துவிட்டது, தெரிகிறது, நன்றாகத்தான் தெரிகிறது என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். பிறகு பக்கத்தில் சாதாரண குண்டு பல்பைப் போட்டுப் பார்த்தேன்.

ஆய்வக இயக்குநரின் அறைக்குப் போய், கம்பெனிக்குப் போகிற அறிக்கையில் சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட மாட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. "எல்லா நம்பரும் சரியா இருக்கேம்மா. வீட்டுக்குப் போகணும்னு நீங்கதானே துடிச்சீங்க? போட்டுட்டுக் கிளம்புங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றார். நல்ல மனுஷர், கோபப்படக்கூட இல்லை. அவருடைய கட்டைவிரலைப் பிடித்து விளக்கடியில் வைத்தேன். பாவம், பயந்துவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு வருஷத்துக்கான தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். அதில் கையெழுத்துப் போட்டேன்.

என் அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. உலைக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையில் ஒரு மடக்குக் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே குழாய்ச் சத்தம் கேட்காது. போர்வையைத் திருப்பிக் கேட்க வெட்கமாக இருக்கிறது, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு படுக்கிறேன்.

என் வாழ்நாளில் எனக்கு யாரும் இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. "அங்கேயே இரு" என்று நீங்கள் எழுதிய இடத்தில் பேனா அழுத்தித் தாள் கிழிந்திருக்கிறது. உங்களை இவ்வளவு பிடித்ததும் இல்லை, உங்கள் மேல் இவ்வளவு ஆத்திரம் வந்ததும் இல்லை. ஒரே ஒரு நாள் கையில் வைத்திருந்துவிட்டுத் தபாலில் போட்டிருக்கக் கூடாதா?

நீங்கள் மறுபடி பொய் எழுதியிருந்தால் நேற்று ராத்திரி நம் வீட்டில் உங்கள் பக்கத்தில் படுத்திருப்பேன். அந்தக் குழந்தைகளை நினைத்துத் தூக்கம் வந்திருக்காது என்று சொல்லத்தான் ஆசை. அப்படியில்லை. நன்றாகவே தூங்கியிருப்பேன்.

உங்கள்
கண்ணாடிக்காரி